பெரட்டுக் களத்திலிருந்து படை முகாமுக்கு

டிசம்பர் 30 வந்தால் எங்கள் ஊரில் கொடி ஏறும். 1943ல் அதே நாளில் ஜிம்கானா மைதானத்தில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் மூவண்ணக் கொடியை ஏற்றினார். அந்தமானுக்கு ஷஹீத் என்றும் நிக்கோபாருக்கு ஸ்வராஜ் என்றும் பெயர் வைத்தார். 2024ல் ஊரின் பெயரையே ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், ஆட்டோக்காரர் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான். நானும் பழக்க தோஷத்தில் அப்படியே எழுதுகிறேன்.

ஜங்லிகாட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் நான். எங்கள் பகுதி பாதிக்குப் பாதி மீனை நம்பிப் பிழைப்பது. படகு வந்து சேர்ந்ததும் சூரையையும் பாறையையும் ஏலத்தில் எடுத்து, கூறு கட்டி விற்பவர்களில் தமிழ்ப் பெண்களும் தெலுங்குப் பெண்களும் நிறையப் பேர். பேரம் இந்தியில் நடக்கும், திட்டு மட்டும் அவரவர் தாய்மொழியில். அப்படி மீன் விற்கும் ஒரு அம்மாவின் மகள், என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள், கொடியேற்ற நாளுக்கு முந்தின நாள் எழுந்து கேட்டாள்: “டீச்சர், நேதாஜிகிட்ட பொம்பளப் பட்டாளம் இருந்துச்சுன்னு சொன்னீங்களே. அவங்களும் கப்பல்ல இங்க வந்தாங்களா?”

வரவில்லை. அந்தப் பெண்கள் பட்டாளமான ஜான்சிராணிப் படை சிங்கப்பூரிலிருந்து பர்மாவுக்குப் போனதே தவிர அந்தமானுக்கு வந்ததில்லை. அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்தப் படையில் இருந்தவர்கள் யார் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் சொந்த உரிமை உண்டு. அவர்களில் பெரும்பாலோர் என் அம்மாவைப் போன்றவர்கள். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்.

அம்மா மாத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. பலரை நீலகிரிப் பக்கம் குடியேற்றினார்கள். கொஞ்சம் குடும்பங்களை மட்டும் நிக்கோபாரில் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். கடல் தாண்டி வந்தும் அம்மாவின் கையில் அதே உளிதான்.

பால் வெட்டும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்காதவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியாது. வெயில் ஏறினால் பால் ஓடாது என்பதால் விடியுமுன் காட்டுக்குள் இருக்க வேண்டும். மரத்தில் முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை முதலில் உரித்து இடுப்புப் பையில் போட வேண்டும், அதற்கும் எடை உண்டு, காசு உண்டு. பிறகு சரிவாகப் பட்டையைச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஒரு நூல் அதிகமாகிக் கட்டையில் பட்டுவிட்டால் மரத்தில் காயம், கங்காணியிடம் வசவு. இப்படி நூற்றுக்கணக்கான மரம். வெட்டி முடித்து முதல் மரத்துக்குத் திரும்பி, சிரட்டையில் நிறைந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். மழை வந்து பாலைக் கலக்கிவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிக் கூலி. அதற்கப்புறம் லயத்து வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டுவது தனி. அதற்குப் பேரும் கிடையாது, அரைப்பேரும் கிடையாது.

ஜான்சிராணிப் படைப் பெண்கள் வந்த மலாயாத் தோட்டங்களிலும் இதே வேலைதான். கங்காணிக்குப் பதில் சில இடத்தில் மண்டோர் என்பார்கள், சிரட்டைக்குப் பதில் மங்கு. 1920களின் பிற்பகுதியில் அங்கே தோட்டக் கூலி ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று அரசாங்கமே நிர்ணயித்திருந்தது. மரம் ஒன்றுதான், பால் ஒன்றுதான், கூலி மட்டும் வேறு.

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ரப்பரை வாங்க ஆளில்லை. பர்மா அரிசி வருவது நின்றது. மரவள்ளிக் கிழங்கே சோறு, சாக்குத் துணியே உடை என்ற நிலை. அடுத்த அடியாகச் சயாம் மரண ரயில் வந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதைக்காகத் தோட்டத்து ஆண்களை ஆசை காட்டியும் அள்ளிப்போட்டும் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அங்கேயே மடிந்தார்கள். தோட்டத்தில் மிஞ்சிய பெண்கள் காட்டைக் கொத்தி, கிழங்கு நட்டு, பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். போர்க்காலத்தில் பெண்கள் செய்த வேலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். இதற்கு எந்தச் சீருடையும் இல்லை.

அந்த ரயில் பாதை முடிந்தது 1943 அக்டோபர் 17. ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 22ல், சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் ஜான்சிராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்து யாரும் சொல்வதில்லை. ஒரே வாரத்தில், ஒரே தோட்டங்களிலிருந்து போன ஆண்கள் போட்ட பாதை முடிய, பெண்களின் கதை தொடங்குகிறது.

படை உருவான விதமும் சுவாரசியமானது. 1943 ஜூலையில் சிங்கப்பூர்க் கூட்டத்தில் நேதாஜி பெண்கள் படை வேண்டும் என்று அறிவித்தார். 1938ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கி, 1940ல் சிங்கப்பூர் போய் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன், இந்திய சுதந்திர லீக்கின் எல்லப்பாவோடு வீடுவீடாகப் போய் இருபது பெண்களைத் திரட்டினார். ஜூலை 12ல் அவர்கள் சேலையோடு, கனத்த ராணுவத் துப்பாக்கிகளைத் தூக்கி அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். துப்பாக்கியைக் கையால் தொட்டே ஒரு நாளோ இரண்டு நாளோதான் ஆகியிருந்தது. அதைப் பார்த்த பிறகு நேதாஜி லட்சுமியிடம் தலைமைப் பொறுப்பைக் கேட்டார், அவரும் ஒப்புக்கொண்டார். மருத்துவமனையை மூடிவிட்டு வந்தவருக்குக் கேப்டன் பட்டம் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் லெப்டினன்ட் கர்னல் ஆனார், நமக்கு அவர் கேப்டன் லட்சுமிதான்.

சேர விரும்பும் பெண்ணின் விண்ணப்பத்தில் தகப்பனோ கணவனோ கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி. நாட்டு விடுதலைக்குச் சண்டை போட வீட்டில் அனுமதிச் சீட்டு! சிரிப்பு வருகிறது, ஆனால் அன்றைக்கு அது இல்லாமல் ஒரு பெண்ணும் வாசல் தாண்டியிருக்க முடியாது. கோலாலம்பூரில் வசதியான வீட்டுப் பெண் ஜானகி தேவர், பதின்வயது, நேதாஜி பேசியதைக் கேட்டுக் காதிலும் கழுத்திலும் இருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். அது பத்திரிகையில் படமாக வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. அப்பா மசியவில்லை. கேப்டன் லட்சுமியே வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்து பேசித்தான் கையெழுத்து விழுந்தது.

முகாமில் உடற்பயிற்சி, அணிவகுப்பு, துப்பாக்கி, பயோனெட், வரைபடம் படிப்பது, முதுகுச் சுமையோடு நீண்ட நடை. சிலருக்குத் தாதியர் பயிற்சி. எழுத்து தெரியாதவர்களுக்கு எழுத்து. கட்டளைகள் இந்துஸ்தானியில். காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, பலர் கூந்தலையும் வெட்டிக்கொண்டார்கள். படித்த வீட்டுப் பெண்கள் இந்தக் கடுமையைப் பற்றிப் பின்னாளில் நிறையச் சொன்னார்கள். தோட்டத்துப் பெண்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. முகாமில் எழுப்ப ஊதும் குழல், பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, தட்டும் தப்பைவிடத் தாமதமாகத்தான் ஊதியிருக்கும்.

அம்மாவிடம் ஒரு தடவை இந்தக் கதையெல்லாம் படித்துக் காட்டினேன். அவருக்குச் சுதந்திரம், சர்க்கார் எதுவும் பெரிதாகப் படவில்லை. “சோறு போட்டு, பேரச் சொல்லிக் கூப்பிட்டா எவதான் புள்ள போகமாட்டா?” என்றார். பசிக்காகச் சேர்ந்தார்கள், ஜப்பான் சிப்பாய்க்குப் பயந்து சேர்ந்தார்கள் என்று அந்தப் பெண்களைக் குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. பசித்தவளுக்கு நாட்டுப்பற்று இருக்கக் கூடாதா? ஆண்கள் படையில் சேர்ந்ததற்கும் சோறு ஒரு காரணம்தான், அவர்களை யாரும் இப்படிக் கேட்பதில்லை. தோட்டத்தில் ‘ஏ புள்ள’ என்று கூப்பிடப்பட்டவள், கங்காணியின் நிழலைக் கண்டால் ஒதுங்கியவள், வக்கீல் வீட்டுப் பெண்ணோடு ஒரே வரிசையில் நின்று ஒரே கட்டளைக்குத் திரும்பினாள். ஊர், சாதி, கணவன் மூன்றையும் விட்டு ஒரு தமிழ்ப் பெண் கூட்டம் தனியாக வாழ்ந்தது அதற்கு முன் எங்கே நடந்தது?

படையின் எண்ணிக்கையில் சண்டை இருக்கிறது. சில நூறு என்பாரும் ஆயிரத்துக்கு மேல் என்பாரும் உண்டு. பர்மாவுக்குப் போனவர்கள் மேமியோவிலும் ரங்கூனிலும் இருந்தார்கள். இம்பால் முற்றுகை தோற்றதால் அவர்கள் போர்முனையில் சுடவில்லை. 1945ல் பின்வாங்கும்போது ரயிலில் நடந்த தாக்குதலில் ஸ்டெல்லா, ஜோசஃபின் என்ற இருவர் உயிரிழந்தார்கள். ஏப்ரல் 24ல் ரங்கூனை விட்டு நேதாஜி கிளம்பியபோது, சுமார் நூறு பெண்கள் ஜானகி தேவர் தலைமையில் அவரோடு பாங்காக் நோக்கிப் போனார்கள். மேலே விமானம், கீழே சேறு, பெரும்பகுதி இரவு நடை.

அதே காலத்தில் எங்கள் தீவு என்ன பாடுபட்டது என்பதையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. 1942 மார்ச் 23ல் ஜப்பானியர் இறங்கினார்கள். ஜங்லிகாட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் லம்பா லைனில் இருக்கும் விமான ஓடுதளம் அவர்கள் கட்டாய உழைப்பில் போட்டதுதான், சென்னை விமானம் இன்று அங்கேதான் இறங்குகிறது. தீவில் மருத்துவராக இருந்த டாக்டர் திவான் சிங்கை செல்லுலார் சிறையில் சித்திரவதை செய்தார்கள், 1944 ஜனவரி 14ல் அவர் இறந்தார். நேதாஜி கொடியேற்றி சரியாக ஒரு மாதத்தில், ஜனவரி 30ல், ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை ‘உளவாளிகள்’ என்று சுட்டுக் குழியில் தள்ளினார்கள். அடுத்த மாதம் நேதாஜி அமைத்திருந்த தற்காலிக அரசு சார்பில் தலைமை ஆணையராக வந்த கர்னல் லோகநாதனின் கையில் ஜப்பானியர் விட்டுக்கொடுத்தது ஏறக்குறையக் கல்வித் துறை மட்டுமே.

சுடப்பட்ட ஆண்களுக்கு ஹம்ஃப்ரிகஞ்சில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர்களுக்குப் பின் அரிசி இல்லாத அந்த ஒன்றரை வருடத்தைக் கழித்த மனைவிகளுக்கு எதுவும் இல்லை. கொரியாவிலிருந்தும் தென்கிழக்கு ஆசியாவிலிருந்தும் ஜப்பான் ராணுவம் தன் சிப்பாய்களுக்காகக் கொண்டுவந்து அடைத்து வைத்த பெண்களும் போர்ட் பிளேரில் இருந்தார்கள். போர் பெண்ணுக்குக் கதவைத் திறந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பெண்களை அடைத்த வீட்டின் கதவையும் சேர்த்துப் பேச வேண்டும். ஐந்தாம் வகுப்பில் இதை நான் சொல்லவில்லை. இங்கே சொல்லலாம்.

உலகத்தில் மற்ற இடங்களிலும் அந்த ஆண்டுகளில் பெண்கள் வெளியே வந்தார்கள். பிரிட்டன் 1941 டிசம்பரில் கல்யாணமாகாத பெண்களைச் சட்டம் போட்டே போர் வேலைக்கு அழைத்தது. அமெரிக்காவில் விமானமும் கப்பலும் கட்டப் போனார்கள். இந்தியாவில் பிரிட்டிஷ் அரசு 1942ல் பெண்கள் துணைப்படை ஒன்றை அமைத்தது. போர் முடிந்ததும் எல்லா இடத்திலும் ஒரே பாட்டுதான்: ஆண்கள் திரும்பி வந்துவிட்டார்கள், நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

ஜான்சிராணிப் படைக்கும் அதுதான் நடந்தது. ஆனால் வீடு என்பது எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. ஜானகி தேவர் 1946ல் மலாயா இந்தியன் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆனார். பிற்பாடு மலேசிய மேலவை உறுப்பினர் ஆனார். 2000ல் இந்திய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. ஈப்போவில் பிறந்து பதின்வயதில் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் ஆசிரியை ஆனார். 1960ல் பெண் ஆசிரியர்களுக்குத் தனிச் சங்கம் தொடங்கி, ஆண் ஆசிரியருக்கு உள்ள அதே சம்பளம் வேண்டும் என்று போராடி வென்றார். நானும் ஆசிரியை என்பதால் இந்த வெற்றி எனக்குத் துப்பாக்கியைவிடப் பெரிதாகத் தெரிகிறது. கேப்டன் லட்சுமி கான்பூரில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்து, 1981ல் ஜனநாயக மாதர் சங்கம் உருவாகத் துணை நின்று, 2002ல் அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று, 2012ல் காலமானார்.

தோட்டத்துப் பெண்கள்? மறுபடி பெரட்டு. மறுபடி உளி. துப்பாக்கி துடைத்த கை பால் வாளி கழுவியது. படிப்பு, பணம், பேர் சொல்ல ஆள் என்று காலூன்ற ஏதாவது இருந்தவர்களுக்கு அந்த இரண்டு வருடம் ஏணியாக அமைந்தது. ஒன்றும் இல்லாதவர்களுக்கு அது இரண்டு வருடமாகவே முடிந்தது. போர் பெண்களின் நிலையை மாற்றியது என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதை என்னால் ஏற்க முடியாததற்கு இதுதான் காரணம். போர் வேலை கொடுக்கும். கூலியையும் சொத்தையும் சட்டத்தையும் அது மாற்றாது, அதற்குச் சங்கம் வேண்டும், வாக்கு வேண்டும், வழக்கு வேண்டும். இந்தியாவில் சம ஊதியச் சட்டம் வந்தது 1976ல். இலங்கைத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி ஆனது 1984ல். அதற்குள் அம்மா கப்பல் ஏறி வந்து வருடங்கள் ஆகியிருந்தன.

ஒன்றுமே மிஞ்சவில்லை என்றும் சொல்ல மாட்டேன். முகாமில் பெயரெழுதப் பழகியவள் தன் மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியிருப்பாள். பெண் துப்பாக்கி தூக்கினால் வானம் இடிந்து விழாது என்பதை ஒரு தலைமுறை கண்ணால் பார்த்தது. பார்த்தும் சுதந்திர இந்தியா அதை ஏற்க எவ்வளவு தயங்கியது பாருங்கள். 1950ன் ராணுவச் சட்டத்தில் 12ஆம் பிரிவு, அரசு தனியாக அறிவித்த பிரிவுகள் தவிரப் பெண்களைப் படையில் சேர்க்கக் கூடாது என்றது. மருத்துவமும் செவிலியமும் தவிர்த்த பிரிவுகளில் பெண் அதிகாரிகள் நுழைந்தது 1992ல். நிரந்தரப் பணியை உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரி 17ல் உறுதிசெய்தது. சிப்பாய் நிலையில் முதல் பெண் அணி, ராணுவக் காவல் பிரிவுக்கு, பயிற்சி முடித்து வெளியே வந்தது 2021ல். முப்படைக் கட்டளையகம் எங்கள் ஊரிலேயே இருப்பதால் சீருடைப் பெண் அதிகாரிகள் ஜங்லிகாட் கடைத்தெருவில் காய்கறி வாங்குவது இன்று சாதாரணக் காட்சி. பீரங்கிப் படையும் 2023ல் பெண்களை எடுத்துக்கொண்டது. ஆனால் 1943ல் தோட்டத்துப் பெண்கள் கற்ற அந்தக் காலாட்படை வேலைக்கு, இன்றைய இந்திய ராணுவத்தில் பெண்களுக்கு இன்னும் இடம் இல்லை.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கு நான் அன்று சொல்ல முடிந்த பெயர்கள் கைவிரலுக்குள் அடங்கிவிட்டன. மற்றவர்கள் எங்கே போனார்கள்? சிலர் மலேசியாவிலேயே இருந்து மறைந்தார்கள். சிலர் கப்பலேறி ராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சி என்று சொந்த ஊர் திரும்பியிருக்க வேண்டும். இன்று அவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் வயது நூறை ஒட்டியிருக்கும். மகள்களும் மருமகள்களும் இருப்பார்கள். உங்கள் வீட்டில் ‘மலாயாவிலிருந்து வந்த பாட்டி’ என்று ஒருவர் இருந்திருந்தால், அவரை அறிந்த பெரியவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் தோட்டம், எந்த முகாம், யாரோடு போனார், திரும்பி வந்து என்ன வேலை செய்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பழைய பெட்டியில் காக்கிச் சட்டைப் படம் இருந்தால் பின்பக்கம் அவர் பெயரை எழுதுங்கள். ‘இன்னார் மனைவி’ என்று எழுத வேண்டாம், அவருடைய பெயரை எழுதுங்கள்.